ஊரியான்

யூரியான் ப்ளோம் என்பது கம்பெனிப் பேரேட்டில் உள்ள பெயர்.
தூத்துக்குடிக் கடற்கரையில் அது
இரண்டே நாளில் ஊரியான் ஆயிற்று.
ஊரி பொறுக்க வந்தவன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.
இந்த ஊரான் என்கிறார்கள் என அவர் நினைத்துக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.
கேட்டதைச் சொல்லத்தான் துபாசிக்குக் கூலி.

வந்தபோது இருபத்தேழு வயது.
கப்பலில் மூன்றாம் தர ரணவைத்தியன்:
தாடி சிரைப்பது, பல் பிடுங்குவது,
செத்தவனைப் பாயில் சுற்றிக் கல் கட்டுவது.
லெய்டனில் ஒரு பனிக்காலம் முழுக்க
வாசலில் காசு கொடுத்து நின்று
பிணம் அறுப்பதைப் பார்த்தாராம்.
பனியில்தான் அறுப்பார்களாம், நாறாதாம்.
சித்திரை வெயிலில், அழுகும் சிப்பிக் குவியலுக்கு முன்னால்
மூக்கைப் பொத்திக்கொண்டு இதைச் சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.

நோயாளி தமிழில் சொல்வான்.
நான் பறங்கிப் பேச்சில் மாற்றுவேன்.
அவர் உலாந்தாவில் எழுதிக்கொள்வார்.
மூன்று தோணி மாறிக் கரை சேர்வதற்குள்
சரக்கில் பாதி நனைந்துவிடும்.
குலசேகரத்துப் பனையேறி ஒருவன்
உடம்பெல்லாம் முத்துப் போட்டு வந்து
"ஆத்தா வந்திருக்கா" என்றான்.
அப்படியே சொன்னேன்.
தாயாரை வெயிலில் நிறுத்தாதே, உள்ளே கூப்பிடு என்றார்.

குப்பைமேனியை உலர்த்தித் தாளில் ஒட்டினார்.
ஆடாதொடைக்குச் சீவைகுண்டம்வரை ஆள் போனான்.
பத்தாவியாவுக்குக் கட்டுக்கட்டாய் இலை அனுப்பினார்.
ஒரே ஒரு பதில் வந்தது,
துணி விலை கேட்டு.

ஆறாம் வருஷம் பதவி உயர்ந்தது.
கோட்டைக்குள் ஓட்டுவீடு, மாதம் பத்து வராகன்,
கூடவே ஒரு வேலை:
முத்துக்குளிப்புக்கு முன்னால் குளியாளிகளின்
காதும் நெஞ்சும் பார்த்துச் சீட்டுத் தர வேண்டும்.
சீட்டு இல்லாதவன் தோணி ஏற முடியாது.
தோணி குறைந்தால் கப்பித்தானுக்குத் தூக்கம் வராது.

அந்தப் பங்குனியில் வந்தான்
புன்னைக்காயல் சவேரியான் மச்சாது.
காதில் நீர் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது.
"தலைக்குள்ள கடல் கெடக்கு, வத்த மாட்டேங்கு" என்றான்.
அவனுக்குப் பின்னால் அறுபது பேர் வெயிலில்.
அவன் சம்மாட்டிக்கு நான் முப்பது பணம் கடன்.
தலைவலி என்றேன்.

ஊரியான் அவன் காதருகே குனிந்து
வெகுநேரம் நின்றார்,
சங்கைக் காதில் வைத்த பிள்ளைபோல.
பிறகு என்னைப் பார்த்தார்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
சீட்டு எழுதினார்.

ஏழு பாகத்து ஆழம்.
கயிறு ஒருதரம்கூடத் துடிக்கவில்லை என்றான் மண்டாடி.

அன்றிரவு பிணத்தைக் கேட்டார்.
காதுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டுமாம்.
மாதாகோயில் தெரு முழுக்கக் கல்லோடு வந்து நின்றது.
"நாறிவிடும் ஐயா" என்றேன், "இங்கே பனி இல்லை."

மறு வருஷம் எழுபது பேருக்குச் சீட்டு மறுத்தார்.
சம்பளம் ஆறு வராகனாகச் சுருங்கியது.
மறுக்கப்பட்டவர்களின் பெண்டுகள்
வாசலில் மண் வாரித் தூற்றினார்கள்.
என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.
அதை மட்டும் ஒரு சொல் நனையாமல் கொண்டு சேர்த்தேன்.

நாற்பத்தொன்றில் சீதபேதி.
மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து ஒரு சொல் சொன்னார்.
பறங்கியும் இல்லை, உலாந்தாவும் இல்லை.
கப்பித்தான் என் பக்கம் திரும்பினான்.
தெரியாது என்றேன். என் தொழிலில் அதுவே முதல்முறை.

கரையிறங்கிய மாலுமிகளிடமெல்லாம்
அதை உச்சரித்துக் காட்டினேன், நான்கு வருஷம்.
ஒரு கிழவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அது சொல்லே இல்லையாம்.
வடக்கே அவர்கள் பக்கத்தில்
அந்தியில் மாட்டைத் தொழுவுக்குக் கூப்பிடுகிற சத்தமாம்.

இந்த வருஷம் பாரில் சிப்பி இல்லை. குளிப்பு இல்லை.
எனக்கும் வலது காதில் ஓர் இரைச்சல்.
புதிதாக வந்திருக்கிற வைத்தியனிடம் காட்ட வேண்டும்.
என்னவென்று சொல்வது?